குபேந்திரன் இறக்கிவைத்த எண்கள்

அன்று அந்தக் கருவி வேலை செய்திருந்தால் என் அக்கா வசந்தா பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. குபேந்திரன் அண்ணன் இதை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தெரியாது என்றுதான் சொன்னேன். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அவர் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்து கல்லூரியிலிருந்து திரும்பும்போது பேருந்து செஞ்சி கூட்டுரோட்டில் நின்றது. கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் முகம். பின் இருக்கையில் ஓர் அம்மா, "அய்யோ, நம்ம காயில் கட்றவரு! போன வாரந்தான மோட்டார எட்த்தாந்தோம்" என்றார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து நகர்ந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கு, எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் சுற்றி காயில் கட்டித் தரும் அவர் கடை தெரியும். கருகிப்போன பம்புசெட்டு மோட்டாரோடு வரும் விவசாயியிடம் அவர் முதலில் மோட்டாரைப் பற்றிக் கேட்கமாட்டார். "உனுக்கு இன்னா பிளட் குரூப்பு?" என்பார். தெரியாது என்றால் எதிரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போவார். "காயில் கட்ற வரைக்கும் சும்மாதான குந்தினு இருப்ப, வா." இப்படித்தான் சுற்றுவட்டாரத்தில் ரத்தம் கொடுப்பவர்களை அவர் சேர்த்தார். பலர் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. பக்கத்து மாவு மில், எதிர்வீட்டு வாத்தியார் என்று யாராவது ஒருவருடைய எண்தான் இருக்கும். துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் தொங்கிய கம்பியில் குத்திவைப்பார். ஆனால் அவர் சீட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லாம் மனப்பாடம்.

அப்போதுதான் குவைத்திலிருந்து வந்த அவருடைய மச்சான் ஒரு டிஜிட்டல் டைரி கொண்டுவந்து கொடுத்தார். சட்டைப் பையில் அடங்கும், மூடி திறந்தால் சின்னச் சின்னப் பொத்தான்கள். கைப்பேசிகள் வராத காலம். பார்க்கவே கடையில் கூட்டம் கூடியது. நான் முதுகலை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். என்னைக் கேலி செய்ய அவருக்கு அதுவே போதும்.

"வா எம்மெஸ்சி! பேரத் தட்னா நம்பரு வரும், பாரு."

"கரெக்டா வருமாண்ணா?"

"படிச்ச புள்ளயே மெசின நம்பலன்னா எப்டி? நீ பேசாம வெறகு அடுப்புல சோறாக்கு போ."

பல நாள் உட்கார்ந்து எல்லா எண்களையும் ஒற்றை விரலால் ஏற்றினார். ஆயுத பூசைக்குக் கடையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தபோது கம்பியிலிருந்த சீட்டுகளைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். எல்லாக் கடைகளிலும் அப்படித்தான் செய்வார்கள், பழைய காகிதம் எதுவும் மிஞ்சாது. பிறகு காயில் சுற்றும் மெஷின், சுத்தி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். டைரியையும் சாமி படத்தின் முன் திறந்துவைத்து, பொத்தான்களின் மேல் தாராளமாகச் சந்தனக் குழம்பு பூசி, குங்குமம் இட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அவர் மனைவி, "இதுக்குமா?" என்று கேட்டாராம். "லாரிக்கு வெக்கிறோம், மோட்டாருக்கு வெக்கிறோம், இதுக்கு வெக்காம எப்டி?" பூசையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள், விஜயதசமி காலையில், அக்காவுக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகடிவ். எங்கள் வீட்டில் யாருடையதும் சேரவில்லை. வண்டியில் ஏற்றிப் பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை என்றார் டாக்டர். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. போதவில்லை. நான் கடைக்கு ஓடினேன்.

அவர் டைரியை எடுத்து வேட்டியால் துடைத்தார். சந்தனம் பொத்தான்களின் இடுக்கில் காய்ந்திருந்தது. அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்து போயிற்று. பேட்டரியைக் கழற்றி மாற்றினார். திரை தெளிவாக வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. புதிதாக வாங்கியது போல இருந்தது.

"மனப்பாடமா சொல்லுவியேண்ணா, சொல்லுண்ணா" என்று கத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஓர் எண்ணைப் பாதி சொன்னார், திருத்தினார், மறுபடி நிறுத்தினார். "வர்ல மா. மெசின்ல ஏத்தினதும் மண்டையில இருந்து எறக்கி வெச்சிட்டேன். வர்லயே."

ஊரும் பெயரும் மட்டும் நினைவிருந்தன. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அனந்தபுரம், பனமலை, தளவானூர் என்று பகல் முழுவதும் சுற்றினார். பண்டிகை நாள். ஒருவர் மாமியார் வீட்டில், ஒருவர் வயலுக்குப் போயிருந்தார், எந்தக் கொல்லியில் என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். பொழுது சாயும்போது அக்கா இறந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிவந்தார், தனியாக.

அடுத்த மாதம் அந்த டைரியை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறினார். எண்களை மீட்டுத் தரச் சொன்னார். "இனிமே எதுக்குண்ணா?" என்று கேட்டேன். "உள்ள இருக்குதா இல்லியான்னு தெரியணும்" என்றார். ஈரம் பட்டுப் பேட்டரி முழுதாகச் செத்தால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். அதன்பின் மறுபடி வீடு வீடாகப் போய் எண்களைச் சேகரித்தார். கம்பி சுற்றிக்கொண்டே அவற்றை முணுமுணுப்பார். வாடிக்கையாளர்கள் மந்திரம் என்று நினைத்தார்கள். கைப்பேசி வந்த பிறகும் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தித்தான் கூப்பிட்டார். எத்தனையோ பேருக்கு ரத்தம் கிடைத்தது. அதை நான் சொன்னால், "அத விடு" என்பார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். எனக்கு வேண்டியவர்களின் எண்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அது பெருமை அல்ல, பயம். அந்தப் பயத்தை அவரும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அக்கா இறந்த மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன். காலை முதல் பேருந்தில் தளவானூரிலிருந்து இருவர், பனமலையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்து எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். குபேந்திரன் அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனமலைக்காரர் அவரிடம் போய், மெதுவான குரலில், "ராத்திரிதாண்ணா வூட்ல சொன்னாங்க. ரத்தங் குடுக்க வெறும் வயித்துல வரக்கூடாதுன்னு சொல்லுவியே, சாப்ட்டுட்டுதான் வந்தேன்" என்றார். அண்ணன் தலை நிமிரவில்லை. அந்த மனிதர் பாடையைப் பார்த்தார். பிறகு, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.