போன மேலாளரின் பெயர்

லாயாங் லாயாங் என்ற எங்கள் ஊரிலிருந்து தொழிற்சாலை வேன் பனிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பஸ் கம்பெனியின் புதிய பெண் மேலாளர் எங்கள் ஊருக்கு மிஞ்சியிருந்த பஸ்ஸையும் நிறுத்தியதால்தான் வேனில் இத்தனை நெரிசல். அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி முகநூலில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் ஒன்னு போடுங்கண்ணே," என்று முன் சீட்டிலிருந்த மணியம் போனை நீட்டினான்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பஸ்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருடைய உதட்டுச்சாயம், ஆகாத கல்யாணம், சிரிப்பு, இவைதான் இருந்தன.

பக்கத்தில் தூங்கிய செல்வி அக்கா கண் திறக்காமலே கேட்டார்: "போன வருஷம் காலை பஸ்ஸ நிப்பாட்டுனாரே ஒரு மேனேஜர், அவரு பேரு என்னடா?"

"அலமாக், அந்தாளு பேரு யாருக்குக்கா தெரியும்!" என்று மணியம் தலையில் அடித்துக்கொண்டான்.

வேனே சிரித்தது. நான் எதுவும் எழுதாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ முதலாளிகள் என்னை வேலையிலிருந்து துரத்தியிருக்கிறார்கள். எல்லோரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூட நான் கவனித்ததில்லை.