தங்கை வீட்டுச் சாப்பாட்டில் ஒயின்

சேலம் புதிய பஸ் நிலையத்தில் மதுரை வண்டியில் ஏறியபோது காலை ஏழு மணி. 2004, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. டிக்கெட் எண்பது ரூபாய். தூரம் இருநூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தங்கை மல்லிகா கல்யாணமாகி மதுரைப் பக்கம் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவள் வீட்டில் நான் போய்த் தங்குவது இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், தபால் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்பேன். உண்மை வேறு. போனில் அவள் சிரிக்கிற சிரிப்பே எனக்கு அதிகமாக இருந்தது. அதை நேரில் வேறு போய்ப் பார்க்க வேண்டுமா?

எங்கள் இருவரில் படித்தவள் நான். எனக்கு வந்தது அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை. பிளஸ் டூவில் தோற்ற மல்லிகாவுக்கு, கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்த தனபால். நியாயமாகப் பார்த்தால் அவள்தான் என்னைக் கண்டு பொறாமைப்பட வேண்டும்.

நாமக்கல், கரூர் தாண்டி, திண்டுக்கல்லில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இடது பக்கம் சிறுமலை கூடவே வந்தது. வலது பக்கம் தென்னையும் வாழையும். கண்டக்டரிடம் கேட்டேன்.

"சமயநல்லூர்ல நிறுத்துவீங்களா?"

"நிக்காதுக்கா. ஆரப்பாளையத்துல எறங்கி, டவுன் பஸ்ல திரும்பி வாங்க. மூணு ரூவாதான்."

வாடிப்பட்டி போனதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். தனபால் கப்பல் வேலையை விட்டுவிட்டு, சமயநல்லூரில் மெயின் ரோட்டு மேலேயே சைக்கிள், மொபெட் உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிறார் என்று தெரியும். கடை கண்ணில் பட்டது. வாசலில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். தனபால் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் கையை ஆட்டினேன். பஸ் நிற்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மதுரைக்குள் போய், அதே பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே இருந்தது. பட்டப்பகலில், நடுரோட்டில், கட்டின புருஷனோடு என்ன அப்படி ஒரு சிரிப்பு?

வீடு கடைக்குப் பின்னால் இருந்த தெருவில். ஓட்டு வீடுதான், இரண்டு அறை. மல்லிகா, தனபால், அவருடைய அம்மா, எட்டு வயது மகள் ரம்யா. எங்கள் வீடு மாடி வீடு என்பதை நான் இரண்டு தடவை சொன்னேன்.

அன்று இரவு ஏழரைக்கு எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் என்றால் மல்லிகாவும்தான். சட்டி பானையெல்லாம் நடுவில். சோறு, மட்டன் சுக்கா, ரசம், வெங்காயப் பச்சடி. அப்போது தனபால், ஜன்னலோரம் ஈரத் துண்டு சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்து, ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். டீக்கடை கண்ணாடி டம்ளர்கள் மூன்று. ஒன்று அவருக்கு, ஒன்று அவர் அம்மாவுக்கு, ஒன்று என் தங்கைக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரம் சிவப்பாக ஊற்றினார்.

நான் பாயில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் சாராயக் கடைக்கே ஒயின்ஷாப் என்றுதான் பெயர். பிராந்தி, விஸ்கி எல்லாம் அங்கே விற்கும். ஒயினை மட்டும் யாரும் வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. குடி என்பது ஆண்கள் வெளியே போய், மறைவில் செய்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருகிற காரியம். அதைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்களா?

"மதினி, உங்களுக்கு?" என்றார் தனபால்.

"ஐயோ, வேண்டாம் தம்பி!"

"கட்டாயமில்ல மதினி. மோர் இருக்கு." அவர் மல்லிகா பக்கம் திரும்பினார். "ஒரு வாய் சுக்கா தின்னுட்டுக் குடி. ரெண்டும் எப்பிடிச் சேருது சொல்லு."

மல்லிகா தின்றாள், குடித்தாள், கண்ணை மூடி யோசித்தாள். "போன வாரத்தத விட இது தேவலங்க. மொளகு தனியா தெரியுது. ஆனா காரத்துக்கு நாக்கு லேசா எரியுது."

"அதான். சிவப்புல துவர்ப்பு ஜாஸ்தி இருந்தா காரத்தக் கூட்டிவிட்ரும். அடுத்த தடவ காரத்தக் கொறைக்கணும், இல்ல பாட்டில மாத்தணும்."

"காரத்தயெல்லாம் கொறைக்க முடியாது. பாட்டில மாத்துங்க!"

இருவரும் சிரித்தார்கள். டம்ளர் காலியானதும் தனபால் பாட்டிலை மூடி எடுத்து வைத்துவிட்டார். அவ்வளவுதான். யாரும் உளறவில்லை, யாரும் அழவில்லை. நான் மட்டும் மோரைக் குடித்துக்கொண்டு, சுக்காவில் என்ன குறை சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. தனபால் கடையை மதியம் வரை பூட்டிவிட்டு எங்களை மதுரைக்கு அழைத்துப் போனார். கரிமேடு மார்க்கெட்டில் உயிரோடு துள்ளும் அயிரை மீன், கால் கிலோ அறுபது ரூபாய். பிறகு டவுனுக்குள் ஒரு கடைத் தெரு. மல்லிகாவும் நானும் ஜூஸ் கடையில் நிற்க, அவர் மட்டும் போய்ச் செய்தித்தாள் சுற்றிய மூன்று பாட்டில்களோடு வந்தார். வரும்போதே அவர்கள் பேச்சு தொடங்கிவிட்டது.

"இது சிவப்பு, எரநூத்தி அறுவது. வெள்ளை எரநூத்தி எம்பது. இந்த இனிப்பு பாட்டில் நூத்திப் பத்துதான். கப்பல்ல இதத் தொடவே மாட்டாய்ங்க. தூசி படிஞ்சு கெடந்துச்சு, சும்மா எடுத்தேன்."

"வெயில் படுற அலமாரில இருந்ததையா எடுத்தீங்க?"

"இல்லடி, உள்ளுக்குள்ள இருந்து எடுக்கச் சொன்னேன். வெயில்ல நின்னதுன்னா அதக் குழம்புலதான் ஊத்தணும்."

புடவை எடுக்கும் கடையில்கூட என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கருத்துக் கேட்டதில்லை. இவர்கள் பாட்டிலுக்கு இத்தனை பேசுகிறார்கள். பஸ்ஸில் நான் வேண்டுமென்றே தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று இரவு அயிரை மீன் குழம்போடு வெள்ளை ஒயின். முதலில் வேடிக்கைக்கு ஒரு சொட்டுச் சிவப்பை ஊற்றிக் கொடுத்தார். தனபாலின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆணிய நக்குன மாதிரி இருக்குடா." மீனோடு துவர்ப்பு சேர்ந்தால் இரும்பு வாடை அடிக்கும் என்றார் தனபால். லேசாக இனித்த வெள்ளை, புளிக்கும் காரத்துக்கும் நடுவில் போய்ச் சமாதானம் செய்துவைத்ததாம். "அம்புட்டுச் சோறும் எறங்கிருச்சு தாயி," என்று என்னிடம் சொன்னார் அந்த அம்மா. ரம்யா திராட்சை ரசத்தை அதேபோல் கண்ணை மூடிக் குடித்து, "எனக்கும் சமாதானம்" என்றாள். வீடே சிரித்தது. எனக்குத் தொண்டையில் மீன் முள் குத்தியது போல இருந்தது. அயிரையில் முள்ளே உறுத்தாது.

ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்று சொன்னேன். உதவி செய்யும் எண்ணத்தில் அல்ல. இரண்டு நாளும் கவனித்ததில் ஒன்று புரிந்திருந்தது: காரமும் மீனும் சிவப்புக்கு ஆகாது. அப்படியானால் கசப்பு எதற்குமே ஆகாது. அதனால் பாகற்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டில் போடுவதைவிட இரண்டு மிளகாய் கூடுதல். எந்தப் பாட்டில் இதற்கு முன்னால் நிற்கிறது, பார்க்கலாம்.

பாகற்காய் நறுக்கும்போது மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"மாமா எப்படிக்கா இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"இன்னமும் அந்தப் பழக்கம் உண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆம்பளைங்க வெளிய குடிக்கிறது ஊர்ல நடக்கிறதுதான். வீட்டுக்குள்ள பொம்பள குடிக்கிறதுதான் நடக்காதது. உனக்குப் பொண்ணு வளருது, மல்லிகா. நாளைக்கு யாராவது பொண்ணு கேட்டு வருவாங்களா?"

அவள் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கப்பல்ல இருந்து வந்த புதுசுல இவரும் வெளியதான்க்கா குடிச்சாரு. பிராந்தி. ரோட்டோரமா வண்டியோட விழுந்து கெடந்தவரத் தூக்கிட்டு வந்தாங்க. நான்தான் சொன்னேன். குடிக்கிறதுன்னா இங்க கொண்டாங்க, என் முன்னாடி குடிங்க, சோத்தோட குடிங்க, நானும் என்னன்னு பாக்குறேன்னு. பிராந்தி சோத்துக்கு ஒத்து வரல. அப்பதான் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்னு கப்பல்ல படிச்ச இந்தப் பாடமெல்லாம் வெளிய வந்துச்சு."

"நீயா சொன்ன?"

"வேற யாரு வந்து சொல்லுவா?"

இத்தனை வருடமும் அவளுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்து எரிந்தேன். அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமைப்படுவது சுலபம், அதில் நமக்குப் பங்கில்லை. அவள் வாய் திறந்து கேட்டு வாங்கினாள் என்று தெரிந்தபோது அந்தப் பொறாமை இன்னும் ஆழமாக இறங்கியது. குழம்பில் நான் தேவைக்கு மேல் வெல்லம் போட்டது அந்த யோசனையில்தான்.

இரவு பாயில் உட்கார்ந்தோம். தனபால் முதல் வாய் குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மதினி, இது சண்டைக்கு வந்த குழம்பு!"

சிவப்பை ஊற்றினார், மை குடித்தது போலிருந்ததாம். வெள்ளையை ஊற்றினார், மல்லிகா "ஊறுகாய்த் தண்ணி" என்றாள். அவர் அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குக் குழம்பு போதும். கைமணம்னா இதுதான் தாயி," என்று இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் தோற்றவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோற்பதில்கூட ஒரு சந்தோஷம் இருக்கிற வீட்டை யார் ஜெயிக்க முடியும்?

"மதினி," என்றார் தனபால். "சமைச்சவங்களுக்குத்தான் இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். வேணாம்னா விட்டுருங்க."

என் சமையலில் என்ன இருக்கிறது என்று என்னை ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. மூலையில் நின்ற நூற்றுப் பத்து ரூபாய் இனிப்பு பாட்டிலைக் காட்டினேன். ஒரு விரல் ஊற்றினார். பாகற்காய்த் துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். மருந்து போல இருக்கும் என்று பயந்தேன். அந்த இனிப்பு வெல்லத்தைத் தேடிப் போய்க் கை கோத்துக்கொண்டது. கசப்பு பின்னால் நின்றது. காரம் அடங்கியது.

"இதுதான்," என்றேன். "இதுல வெல்லம் இருக்கு தம்பி. அதுக்கு இது ஜோடி."

மூவரும் குடித்துப் பார்த்தார்கள். தனபால் தொடையில் தட்டினார். "ஏழு வருசம் கப்பல்ல நின்னேன். பாகற்காய்க்கு ஜோடி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!" மல்லிகா என் தோளில் சாய்ந்துகொண்டாள். மத்தியானம் நான் சொன்னதை அவள் மறந்துவிட்டாளோ, மன்னித்துவிட்டாளோ தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பொறாமையே இல்லை. பாத்திரம் கழுவும்போது திரும்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆரப்பாளையத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். திண்டுக்கல் போகும்வரை சிறுமலையைப் பார்க்கவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி வீட்டில் சாப்பாட்டு மேஜை இருக்கிறது, ஆறு நாற்காலி. அதில் நானும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்தேன். கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் வந்தபோது இருக்கலாம். அவர் வெளியே குடித்துவிட்டு வருவார். நான் மூடி வைத்த தட்டை எடுத்துத் தின்பார். எது வைத்தாலும் தின்பார். சமயநல்லூரில் ஓட்டு வீட்டில், பாயில், பாகற்காய்க்கு என்ன ஜோடி என்று நாலு பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கரூர் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் வெயில் என்று நினைத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நான் கதவருகில் போய் நின்றேன். சொல்ல நினைத்தது நிறைய. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "என்ன குடிக்கிறதுனாலும் இங்க கொண்டுவந்து குடிங்க. கோழிக் குழம்பு வச்சிருக்கேன். சேர்ந்து உக்காந்து சாப்பிடலாம்."

நான் கெட்ட வார்த்தை சொன்னது போல என்னைப் பார்த்தார். "வீட்டுலயா? தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்து புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்றார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மேஜையில் தனியாக உட்கார்ந்து கோழிக் குழம்பைச் சூடாகத் தின்றேன். மறுநாள் ஆபீஸிலிருந்து மல்லிகாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீ சொன்னதும் அவரு உடனே கேட்டுக்கிட்டாரா?"

அவள் அதே சிரிப்பைச் சிரித்தாள். "எங்கக்கா! மொத நாளு தட்டத் தூக்கி எறிஞ்சாரு. ஒரு வருசத்துக்கு மேல சொல்லிக்கிட்டே இருந்தேன்."

போனை வைத்துவிட்டு, முத்திரை குத்த வேண்டிய கடிதங்களை இழுத்துக்கொண்டேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.