ஆட்டுக்கு வந்த இருமல்

எல்லாருக்கும் அவர் மாவுக்காரர். ஆயுசில் பாதி மாவு மில்லிலேயே குப்பை கொட்டியவர். மில்லை இழுத்து மூடியபோது மிஞ்சியது ஓர் இருமலும் தம்பி வீட்டில் ஒரு மூலையும்தான். கல்யாணம் ஆகாத ஆளுக்கு அதுவே அதிகம் என்பது தம்பியின் எண்ணம். இவர் ஒன்றும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஆடு வளர்த்து, பால் கறந்து கொடுத்தார்.

அதில் ஒன்று இரும ஆரம்பித்தது. ஊசிக்கும் மருந்துக்கும் கேட்கவில்லை. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது. தம்பி மனைவிக்குப் பொறி தட்டியது. ஆட்டுக்கு வேறு யார் கொடுத்திருப்பார்கள்? கூடவே இருமிக்கொண்டு திரிகிறாரே, அவர்தான். அவர் சளியைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அவர் படுக்கை கொட்டகைக்குப் போனது. குழந்தைகள் பெரியப்பா இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தம்பி கண்டும் காணாமல் இருந்தான். அந்த வித்தையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆடு செத்ததும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டர் அறுத்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். நுரையீரலில் கைமுட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. அதில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர், முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"புற்றுநோய்ங்க. வேற எங்கயும் இருந்து பரவல, நுரையீரல்லயே உண்டானது. ஆடுங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். தொத்துற வகையும் இல்ல. உங்க இருமலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

குட்டியிலிருந்து கையால் வளர்த்த ஆடு. அதற்குப் புற்று என்று கேட்டதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் கால்கள் என்னவோ வேகமாகத்தான் வீட்டுக்கு நடந்தன.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தம்பி மனைவி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். முகம் தெளிந்தது.

"அப்ப மத்த ஆட்டுப் பாலைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, மாமா?"

"தாராளமா குடும்மா." தொண்டையைக் கனைக்கக்கூடப் பயந்து, மெல்லக் கேட்டார். "அப்ப நான் படுக்கையை உள்ள கொண்டுவந்துரட்டுமா?"

தம்பி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள்தான் பதில் சொன்னாள்.

"டாக்டர் ஆட்டைத்தானே அறுத்துப் பாத்தாரு, மாமா? உங்களை இல்லையே."