மைதானத்தின் கிழக்குக் கதவு

என் மாமனார் மாநகராட்சியில் வெல்டர். ஊர் நடுவே இருக்கும் பெரிய மைதானத்தின் கம்பிவேலி அவர் பொறுப்பு. முதலில் அது படை அணிவகுப்புக்கு விட்ட இடம். அப்புறம் சந்தை, அப்புறம் பொதுக்கூட்டம், அப்புறம் பந்தாட்டம். ஒரு கூட்டத்தில் நாற்காலிகள் பறந்த பிறகுதான் வேலி வந்தது. ஜனங்கள் குடியிருப்பது மேற்கே, ஆஸ்பத்திரி கிழக்கே. வாசல் வைத்ததோ மேற்கே மட்டும். வரைபடம் போட்ட புண்ணியவான் ஒருநாளும் வேலைக்கு நடந்து போனவனில்லை.

அதனால் கிழக்குப் பக்கம் யாராவது கம்பியை அறுத்து வழி செய்வார்கள். மாமனார் போய் அடைப்பார். மறுபடி அறுப்பார்கள். இரண்டு தரப்புக்கும் அதில் வருத்தமில்லை.

என் மாமியாருக்கு அந்த ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. முழங்கால் தேய்ந்துபோனவர். மைதானத்தைச் சுற்றிப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. ஓட்டை வழியாகத்தான் போய்வந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

புதிதாக வந்த பொறியாளர், இனி ஒரு ஓட்டை விழுந்தாலும் மாமனாருக்கு வேலை இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பென்ஷன் எட்டும் தூரத்தில் இருந்தது. பயந்துபோன மனிதர் தடித்த பட்டைக் கம்பி வைத்து அடைத்தார். மறுநாள் சுற்றி நடந்த மாமியார் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அவர் சண்டை போடவில்லை.

"நான் வேலையை விட்டு நின்னுடறேன். உங்க வேலை போயிடக் கூடாது."

மாமனார் எழுந்து போய் வெல்டிங் சாமான்களை எடுத்து வைத்தார்.

காலையில் சாமான்களோடு போனார். பட்டப்பகலில், போலீஸ்காரர் பார்க்கவே, கிழக்கு வேலியை அறுத்தார். கீல் வைத்து, தாழ்ப்பாள் வைத்து, பச்சைப் பெயின்டும் அடித்தார். பொறியாளர் ஓடி வந்தபோது நர்சுகளும் நோயாளிகளும் அதன் வழியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டைக்குத்தானே சார் வேலை போகும்னீங்க? இது கதவு."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அத்தனை பேர் எதிரில் பொறியாளரால் அவரை வேலையைவிட்டு நீக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றினார். கதவைப் பிடுங்க அனுப்பிய இன்னொரு வெல்டர், கீலுக்கு எண்ணெய் விட்டுத் திரும்பிவிட்டார். அவர் மனைவிக்கும் ஆஸ்பத்திரியில்தான் வேலை.

இப்போது மாமியார் நிதானமாகக் கிளம்புகிறார். மாமனார் விடியுமுன்பே புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, மிச்சத்தை நடக்கிறார். ஒரு நாள் வீங்கிய பாதங்களோடு வந்தவருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே மாமியார் சொன்னார்:

"என் சுத்து நடையை நீங்க வாங்கிக்கிட்டீங்களே."