ஒரே பாரிஸ், இரண்டு விமான நிலையங்கள்

போன தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு நான் ஆண்டவரைத் திட்டினேன். சகோதரர்களே, மறைக்காமல் சொல்கிறேன்.

பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிற என் அக்காவுக்கு மறுநாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க இருந்தார்கள். அம்மா பக்கத்தில் வேண்டும் என்று அழுதாள். அம்மா பாண்டிக்குப் பக்கத்தில் தவளக்குப்பத்தில் மீன் விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். ஏஜெண்டிடம் போகலாம் என்றார் அம்மா. எனக்கு ரோஷம். டிக்கெட்டை நானே போட்டேன். சென்னையிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து துலூஸ், நடுவில் நான்கு மணி நேரம்.

"எறங்கனதும் வெளிய போவாத. உள்ளயே குந்தியிரு, சீட்டைக் காட்டுனா வழி சொல்லுவாங்க" என்று பாடம் வேறு நடத்தினேன்.

அந்த வியாழன் காலையில் சென்னையில் அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது அக்கா போன் செய்தாள்.

"அம்மா எங்கடா எறங்குது?"

"பாரிஸ்."

"பாரிஸ்ல எந்த ஏர்போர்ட்டு?"

டிக்கெட்டைப் பார்த்தேன். இறங்குவது சார்ல் தெ கோல். ஏறுவது ஓர்லி.

"படிச்சவன் பண்ற வேலையாடா இது? அது ஊருக்கு அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். பாண்டிலேருந்து திண்டிவனம் போற தூரம்டா. டிராபிக்ல மாட்டுனா ஒன்றர மணி நேரம். அம்மாவ யாரு கூட்டிம் போவா? நான் ஆஸ்பத்திரில கெடக்கறேன், ஒம் மாமாவும் இங்கதான்."

அம்மாவின் போன் அங்கே வேலை செய்யாது. விமானமோ கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் உட்கார முடியாமல் காலாப்பட்டில் இறங்கிவிட்டேன். "ஆண்டவரே, ஒரு ஞாயிறு பூசையை விட்டிருப்பார்களா என் அம்மா? உமக்குக் கண் இல்லையா? நான் டிக்கெட் போட்டபோது கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? தப்பு செய்தவன் நான். என்னை அடியும். என் தாயை நடுவழியில் விட்டுவிடாதீர்." என் செபம் அவ்வளவுதான்.

விளக்கு வைத்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அம்மா.

"நான்தான்டா. கார்ல போயிட்டிருக்கேன்."

எதிர்வீட்டு லூர்து அக்கா, பாரிஸில் இருக்கும் தன் மகனுக்கு அப்பளமும் வடகமும் கொடுத்தனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் ஒருவர் பாரிஸ் போனால் நாலு வீட்டுப் பொட்டலம் கூடப் போகும். நான் கத்துவேன் என்று பயந்து அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. அதைக் கொடுக்க வெளியே வந்தபோது, அங்கே காத்திருந்த அந்த மகன் சீட்டை வாங்கிப் படித்திருக்கிறார். உடனே தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓர்லிக்குக் கிளம்பிவிட்டார்.

"நீ சொன்னமாரி உள்ள குந்தியிருந்தா, இன்னும் குந்திக்கினுதான்டா இருப்பேன்" என்றார் அம்மா.

ஓர்லியில் விமானம் தவறவில்லை. மறுநாள் அக்கா பெற்ற பெண் குழந்தையை முதலில் கையில் வாங்கியது அம்மாதான்.

நான் திட்ட வாய் திறப்பதற்கு முன்பே உதவி அம்மாவின் பையில் ஏறிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நாலு எழுத்து தெரிந்த திமிரில் நான் யார் பேச்சையும் கேட்டதில்லை. இப்போது அம்மாவிடம் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை.

ஆண்டவர் மேல் கோபமாக இருக்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள். ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். என் வசவை வாங்கிக்கொண்டுதான் அவர் என் தாயைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.