கம்பெனி பேர் இல்லாத சைக்கிள்

பால்காரர் சீக்கிரம் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டார் என்றும், தாமதமாக வந்தால் எங்கேயோ நின்று கலந்துவிட்டு வருகிறார் என்றும் நினைக்கிற குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்துவிட்டு எனக்குச் சந்தேக புத்தி இல்லாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். இப்போது அதற்குச் சம்பளமே கிடைக்கிறது. விபத்து என்று சொல்லி இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று விசாரிப்பது என் வேலை. நான் எடுத்து நடத்திய முதல் விசாரணை ஒன்பது வயதில், என் மாமாவின் சைக்கிளைப் பற்றியது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு மில்லில் எஞ்சினியர். வார நாட்களில் அங்கேயே ரூம் எடுத்துத் தங்குவார், சனிக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் மாமாவுக்குப் பெண் பார்க்கிற பொறுப்பு மொத்தமும் என் அம்மாவின் தலையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. தோட்டம், தொழில், கார் எல்லாம் இருந்தும் பெண் கிடைக்காமல் தலை நரைத்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒரு சனிக்கிழமை மாமா பைக்கில் வராமல் சைக்கிளில் வந்து இறங்கினார். பெருந்துறையிலிருந்து மிதித்தே வந்திருந்தார். பைக்கை விற்றுவிட்டாராம். அப்பா வாசலிலேயே நின்று சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங் மாப்ளே, ஏதாச்சும் சங்கடமுங்களா? நம்மகிட்டச் சொல்லக் கூடாதுங்களா?”

ஒரு சங்கடமும் இல்லை, ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது என்றார் மாமா. தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருந்த அவருடைய சிநேகிதர், சட்டைக்கு அளவெடுப்பதுபோல மாமாவின் கால், கை, முதுகு எல்லாவற்றையும் அளந்து, அதற்குத் தகுந்தபடி ஸ்டீல் குழாய்களை வெட்டி ஒட்டிச் செய்து கொடுத்தாராம். பைக் விற்ற பணம் அதற்கே போய்விட்டது என்று தெரிந்ததும் அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் சைக்கிளைச் சோதனை போட்டேன். கியர் இல்லை, மணி இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை, சுவரில்தான் சாய்த்துவைக்க வேண்டும். பின் பிரேக் இல்லை. முன்னால் மட்டும் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும்விட விபரீதம் அதன் பெடல். மற்ற சைக்கிள்களில் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஹாயாக உட்கார்ந்து போகலாம். இதில் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், பெடலோடு காலும் சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலாலேயே எதிர்த்து அழுத்த வேண்டும். இப்படி ஓய்வே தராத ஒரு வண்டியைக் காசு கொடுத்து ஒருவர் வாங்குவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. போதாக்குறைக்கு அதில் எங்குமே கம்பெனி பேர் இல்லை. திருட்டு சைக்கிள்தான், பேரைச் சுரண்டிவிட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

மாமாவிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் சேருகிற இடத்துக்கு அடியில் ஸ்டீலில் அடித்திருந்த தன் பேரின் முதல் எழுத்தைக் காட்டினார். சரி என்று அவரை விடுதலை செய்தேன். அதோடு, பூட்டும் ஸ்டாண்டும் இல்லாத அந்த வண்டிக்குக் காவல் இருக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பாக்கு மண்டி வைத்திருக்கிற குடும்பம், கோயமுத்தூரில் வேலைக்கு வந்துபோகிற பெண். போட்டோ மாமாவின் போனுக்கு வந்தது. மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று என்பதைக் கண்டுபிடிக்க விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், திரை அணைந்தால் தட்டி எழுப்புவார். நான் எட்டிப் பார்த்தால் வெட்கப்பட்டுக் கவிழ்த்துவிடுவார்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பார்கள். யார் என்று சொல்லிக்கொள்ளாமல் டீக்கடையில், மளிகைக்கடையில், அக்கம்பக்கத்தில் ஆள் வந்து பையனைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். பைக்கில் போய்க்கொண்டிருந்தவன் சைக்கிளுக்கு வந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை போனால் போதும், நொடித்துப்போன குடும்பம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அம்மா சைக்கிளைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் பழைய பெட்ஷீட் போட்டு மூடினாள். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ஷீட்டை மடித்துவைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனையில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நின்றதை மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். அதன் இடதுபக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டாவால் தலையும் முகமும் சுற்றி, கண் மட்டும் தெரிகிறமாதிரி கட்டியிருந்தாள். வெயிலுக்குப் பயந்து ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இவள் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா சைக்கிளில் திரும்பி வந்ததும் சைக்கிளையே பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சைக்கிள் திருடிதான், நோட்டம் பார்க்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டி நம்பரை மனப்பாடம் செய்துகொண்டேன்.

மூன்றாவது முறை அவள் மாமாவையே நிறுத்திவிட்டாள். மாமாவிடம் ஒரு வித்தை உண்டு. காலைத் தரையில் ஊன்றாமல், பெடலை முன்னும் பின்னும் இம்மி இம்மியாக அசைத்துக்கொண்டு சைக்கிளை நின்ற இடத்திலேயே நிறுத்திவைப்பார். சிக்னலில்கூட அப்படித்தான் நிற்பார். அன்றும் அப்படி நின்றுகொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். நான் கீழே இறங்கி வந்து கேட் ஓரம் ஒளிந்துகொண்டேன்.

“நா வேண்டாம்னு சொன்னா எங்கூட்ல எடுபடாதுங்க. தெரிஞ்சா என்னையக் கொன்னேபோடுவாங்க. நீங்கதானுங்க எப்பிடியாச்சும்...”

அப்போது ஒரு ஆட்டோ வந்து மீதியை விழுங்கிவிட்டது. ஆட்டோ போனபோது மாமாவின் கால் தரையில் இருந்தது. அவர் காலை ஊன்றி நான் பார்த்ததே இல்லை. மிரட்டிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“யாருங்க மாமா அது?” என்று கேட்டதற்கு, “வழி கேட்டாங்க” என்றார். வழி கேட்கிறவர்கள் அவ்வளவு நேரமா பேசுவார்கள்?

“உங்க சைக்கிளத் திருட வந்தவங்க மாமா. எனக்கு நல்லாத் தெரியும்.”

“இருக்கும் அம்மணி. பத்தரமாப் பாத்துக்க” என்றார். அன்று அவர் காலை இட்லியைத் தொடவில்லை. போன் கவிழ்ந்தே கிடந்தது. அதையும் குறித்துக்கொண்டேன், ஆனால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்கப் போகிற நாள் வந்தது. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அப்பா தன் சிநேகிதரின் பெரிய காரை இரவல் வாங்கி வந்திருந்தார். அம்மா மாமாவுக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் மாமா, “நீங்க முன்னால போங்க்கா, நா பின்னாலயே வாரேன்” என்றார். யாராவது சிநேகிதர் காரில் வருவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மேட்டுப்பாளையத்தில் அந்த வீட்டு முன்னால் பெரிய களம், களம் முழுக்கப் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாகப் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காபி வந்தது. பேச்சு மழையைப் பற்றிப் போய், பாக்கு விலைக்கு வந்து, மாப்பிள்ளை எங்கே என்பதில் வந்து நின்றது. அப்போது கேட்டுக்குள் சைக்கிள் நுழைந்தது.

மாமா, காலோடு ஒட்டிய கறுப்பு அரை டவுசர் போட்டிருந்தார். பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. காய்கிற பாக்கைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, பெரியவர்களுக்கு முன்னால் வந்து, காலை ஊன்றாமல் சைக்கிள்மேலேயே நின்றார். அம்மாவின் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து காபி புடவையில் கொட்டியது.

“எறங்கி வாங்க மாப்ளே, உக்காந்து பேசலாமுங்க” என்றார் பெண்ணின் அப்பா. அந்த நிலையிலும் அவருக்கு ஒரு ‘ங்க’ குறையவில்லை.

“இருக்கட்டுங்க. வேலைய உட்டுப்போட்டு இதுலயே ஊரு ஊராச் சுத்தலாம்னு இருக்கறனுங்க. அதைய முன்னாலயே சொல்லிப்போடணுமில்லீங்களா?”

ஒரு பெரியவர் சைக்கிளின் பின்பக்கத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “இதுல கேரியரே காணமுங்களே, பொண்ணு எங்கீங்க உக்காரும்?” என்று கேட்டார்.

“அதும் ஒரு சைக்கிள் வாங்கிட்டுக் கூடவே மிதிக்க வேண்டீதுதானுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கே இருக்கப் பிடிக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே கொட்டகையில் சிவப்பு ஸ்கூட்டர் நின்றது. இடது கண்ணாடி உடைந்திருந்தது. நம்பரைப் பார்த்தேன். அதே நம்பர்.

உள்ளே ஓடினேன். பட்டுப்புடவையில் ஒரு பெண் ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தாள். “அந்தச் செவப்பு வண்டி யாருதுங்க?” என்று அதட்டலாகக் கேட்டேன். “என்னுதுதான் கண்ணு” என்றாள். கேட் ஓரம் கேட்ட அதே குரல். மொட்டைமாடியில் நின்ற பிள்ளை என்று என்னை அடையாளம் கண்டுகொண்டதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பி வழியாகக் களத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

வெளியே எல்லாம் முடிந்திருந்தது. “நாங்க கலந்து பேசிப்போட்டுச் சொல்லியுடறோமுங்க. இருந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்” என்று பெண்ணின் அப்பா கும்பிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அம்மா அதற்குப் பிறகு அடுத்த தீபாவளி வரைக்கும் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘சைக்கிள் மாப்பிள்ளை’ என்ற பேர் அவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வழியாக அவருக்குக் கல்யாணம் நடந்தபோது என் ஜாதகத்தையே கேட்டு ஆள் வருகிற வயது எனக்கு வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்துப் பெண், கூடப் படித்தவரை வீட்டாரைச் சம்மதிக்கவைத்துக் கட்டிக்கொண்டாள் என்று எப்போதோ செய்தி வந்தது. “நல்லவேளை, தப்பிச்சோம்” என்றாள் அம்மா.

என் போனுக்கும் போட்டோக்கள் வர ஆரம்பித்து, நான் சொல்கிற ‘வேண்டாம்’ யார் காதிலும் விழாமல் போனபோதுதான் அன்றைக்கு நடந்தது எனக்கு விளங்கியது. மாமா வாயால் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பெண்ணிடம் என்ன குறை என்று ஊர் தோண்ட ஆரம்பித்திருக்கும். தோண்டினால் கூடப் படித்தவர் அகப்பட்டிருப்பார். அதனால் அவளுடைய அப்பாவையே வேண்டாம் என்று சொல்லவைத்தார். தனக்குப் பிடித்த பெண்ணை, தானே அத்தனை பேர் முன்னால் கோமாளியாகி, கைநழுவ விட்டார்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு திருடி பிடிபட்டுவிட்டாள் என்பது மட்டும்தான். களத்தோரக் குழாயில் மாமா தலையை நனைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் காதில் சொன்னேன்.

“மாமா, உங்க சைக்கிளத் திருட வந்தவங்க இந்த ஊட்டுப் பொண்ணுதானுங்க. வண்டி நம்பரு ஒண்ணேதானுங்க.”

“தெரியும் அம்மணி. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத.”

“என்னையப் பாத்ததும் பயந்துட்டாங்க. ஜன்னல் வழியா உங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க மாமா. அழுதாங்க.”

மாமா குழாயை மூடினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “கும்பிட்டாளா?” என்று கேட்டார். பிறகு சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்து, அந்த ஜன்னல் பக்கம் திரும்பாமலே ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியில் காரில் அவரைத் தாண்டினோம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மட்டும் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினேன், போலீசுக்குப் போகாமல் ஒரு திருடியை மன்னித்துவிட்ட பெருமையில்.