மூன்று மணிக்கு மேல் ஒரு கையெழுத்து

டொராண்டோவிலிருந்து மகள் பேசும்போது பின்னால் எப்போதும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால்தான் கூடத்தில் இருக்கும் கணவன் காதில் விழாது. மாதக்கணக்காக அப்படித்தான் பேசினாள். ஒரு புதன்கிழமை காலை வந்த அழைப்பில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சிநேகிதி வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை இவளோட மாமியார், மாமனார் வராப்பா. அதுக்குள்ள நான் கிளம்பியாகணும். ஒரு ரூம் பார்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும், இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவா. என் கார்டெல்லாம் அவர்கிட்ட இருக்கு. எனக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் திறந்துட்டேன், அதுல போடுப்பா."

"கவலையே படாதே" என்றேன். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். பணம் கடல் தாண்டிப் போவதில்லை என்பதைக் கவுண்டருக்கு வந்தவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! போவது ஒரு செய்திதான். நம் வங்கி நம் கணக்கில் ரூபாயைக் கழித்துக்கொண்டு, அந்த ஊர் வங்கி ஒன்றில் தான் வைத்திருக்கும் டாலர் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதும். அந்த வங்கி அடுத்த வங்கிக்குச் சொல்லும். நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கிள்ளிக்கொள்வார்கள். எல்லாச் செலவும் அனுப்புகிறவர் தலையில் என்று குறிக்காவிட்டால், போய்ச் சேரும் தொகை குறையும். மகளின் புதுக் கணக்கில் வேறு காசு கிடையாது. குறைந்தால் அட்வான்ஸுக்கு எட்டாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

புதன்கிழமை வைப்பு நிதியை உடைத்தோம். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நானும் மனைவியும் மாட்டுங்காவில் எங்கள் கிளையில் இருந்தோம். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அந்தக் கணக்கிலிருந்து ஒரு பைசா நகரும். போனில் தட்டி அனுப்பும் வசதியும் கிடையாது. வயதானவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று ஓய்வு பெற்ற கையோடு நானே செய்துவைத்த பாதுகாப்பு அது.

வெளிநாட்டுப் பணம் பார்க்கும் அதிகாரி தாராவியில் வளர்ந்த பெண். படிவத்தில் 'குடும்பப் பராமரிப்பு' என்று நோக்கம் அடித்திருந்தாள்.

"ஒரே தரம் குடுக்கற பணம்மா. அன்பளிப்புன்னு வரணும்" என்றேன்.

"மகளுக்கு வீட்டுச் செலவுதான சார்? இதுவும் ஓடும் சார், யாரும் கேக்க மாட்டாவ."

"ஓடறது வேற, சரியா இருக்கறது வேற."

பாவம், மறுபடி அடித்தாள். நடுவில் சர்வர் படுத்து எழுந்தது. சரியான படிவம் வந்ததும் நான் கையெழுத்திட்டு மனைவி பக்கம் நகர்த்தினேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"ஒன்றரை தாண்டியாச்சு. வியாழக்கிழமை. மூணு வரைக்கும் ராகு காலம்."

நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, ரெண்டரைக்கு மேல எங்க ட்ரெஷரில இன்னிக்கு டாலர் ரேட் தர மாட்டாவ. அப்புறம் நாளைக்குத்தான் போவும். சனி, ஞாயிறு அங்க பேங்க் பந்த், திறக்க மாட்டாவ."

"நாளைக்குப் போனா நாளைக்கே சேராதா?"

"சேரலாம், சேராமயும் போலாம். கேரண்டி நஹி, ஆன்ட்டி."

"அவ கைக்குழந்தையோட தெருவுல நிக்கப்போறா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிக்க வெச்சது யாரு? ஆபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கணும்னு அவ கல்யாண முகூர்த்தத்தை மாத்தினது யாரு? அந்த நாள் வேண்டாம்னு அழுதேனே. பஞ்சாங்கம் பாத்தா பேங்க் நடக்கறதுன்னு கேட்டேள். ஒரு தரம் உங்க பேச்சைக் கேட்டாச்சு. அவ புதுசா ஒரு இடத்துல கால் வைக்கப்போற பணம் இது. இதையும் கெட்ட வேளையில அனுப்ப மாட்டேன்."

கெஞ்சினேன். பேனாவைத் திறந்து அவள் விரல்களுக்குள் திணித்தேன். அதிகாரி யாருக்கோ போன் செய்து, "ரேட்ட பத்து நிமிஷம் நிப்பாட்டி வைக்காவளாம் ஆன்ட்டி, ஜல்தி" என்றாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து நிமிடமும் போயிற்று. மூன்று அடித்ததும் கையெழுத்திட்டாள். மாதிரிக் கையெழுத்தோடு ஒரு சுழி பிசகாமல் பொருந்தியது.

மாலை, பக்கத்து வீட்டுக்காரர் காதோடு சொன்ன காட்கோபர் துணிக்கடைக்குப் போனேன். இங்கே ரொக்கம் கொடுத்தால் காலைக்குள் அங்கே யாரோ ரொக்கம் கொடுப்பார்களாம். ரசீது கிடையாது, படிவம் கிடையாது, நோக்கம் என்ன என்று கேட்பார் கிடையாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடை வாசலில் தொங்கிய நைட்டிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். உள்ளே இருந்தவர், "ஆயியே அங்கிள், கியா சாஹியே?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ரயில் ஏறினேன். மனைவியின் ராகு காலம் அவளுக்கு, என்னுடையது எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை செய்தி புறப்பட்டது. கண்காணிப்பு எண்ணை வைத்துக்கொண்டு அன்று முழுதும் தட்டிப் பார்த்தேன். நடு வங்கி வாங்கிக்கொண்டுவிட்டது. அடுத்த வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை விழித்தபோது மகளின் ஒற்றை வரி வந்திருந்தது: ரூம் போயிடுத்துப்பா.

அதன்பின் அவள் போனை எடுக்கவில்லை. ஞாயிறு எடுக்கவில்லை. திங்கள் எடுக்கவில்லை. மனைவி சுவாமி அலமாரிக்கும் போனுக்கும் நடந்தாள். நான் கண்காணிப்பு எண்ணைத் தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தேன்.

"பணம் வந்துடுத்துப்பா. ஒரு டாலர்கூடக் குறையலை."

"எங்கடி இருக்கே?" என்றாள் மனைவி.

"குழந்தைக்கு நல்ல ஜுரம்மா. அங்க கூடத்துல எத்தனை பேர்... நான் எங்க போவேன்?"

மேஜை மேலிருந்த போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.